அசையாப் பொருள்

வானிலிருந்து தினமும் காலையில் எடுக்கும் படங்களை வரைபடமாகத் திருத்துவதுதான் புனேயில் ரெக்ஸ்லினின் வேலை. சாய்ந்து தெரியும் கட்டடங்களை இயந்திரம் நிமிர்த்தும். ஒரு மாதப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நகர்கிற எதையும் துடைத்துவிடும். ஆள், மாடு, வண்டி எதுவும் மிஞ்சாது.

இன்று தூத்துக்குடியில் அவன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு முகம் மிஞ்சியிருந்தது. அண்ணாந்து பார்க்கும் முகம். மனைவி ஜெசிந்தா! மறுபடி துடைக்கச் சொன்னான். போகவில்லை.

குழம்பிப்போய் அவளுக்குப் போன் செய்தான்.

"காலையில மாடியில நின்னு என்ன பண்ணுத?"

"நீங்கதான சொன்னீங்க, தினமும் மேல இருந்து நம்ம ஊரைப் பாக்கேன்னு. மொதல்ல கை ஆட்டுனேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. ஆட்டுனா தெரியாதோ என்னமோன்னு இப்ப ஒரு மாசமா அதே எடத்துல அசையாம நிக்கேன். தெரியுதா?"

"தெரியுது."

திரையில் இயந்திரம் கேட்டது: 'அசையாப் பொருள். தொட்டியா, கம்பமா, மரமா?' எதைத் தொடுவதென்று அவனுக்கு விளங்கவில்லை.

"அப்ப நாளைக்கும் அப்படியே நிக்கட்டா?" என்றாள் ஜெசிந்தா.