மறைக்கும் வசதி

"மத்த கதையெல்லாம் அப்புறம். ஒரே ஒருத்தரை மட்டும் மறைக்க முடியுமா? அதைச் சொல்லுங்கம்மா."

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் போனில் குரலைத் தணித்துக்கொண்டார். கடைக்கு விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிப்போன காபி.

"குடும்ப மரத்துல பேரை மறைக்கலாம் சார். ஆனா கட்டம் தெரியும்," என்றாள் மறுமுனைப் பெண்.

"கட்டமே தெரியக்கூடாது."

"அப்போ அவரைச் சேர்க்காமலே விட்டுடுங்களேன்!"

"சொந்தக்காரங்க யாராவது உள்ளே வந்து சேர்த்துட்டா?"

"அதுக்கு உங்க வீட்டு ஆளுங்ககிட்டதான் பேசணும் சார். எங்ககிட்ட அதுக்கு வசதி இல்லை."

அவர் போனை வைத்துவிட்டார். இந்த வாரம் அவர் உருட்டிப் பார்த்த நாலாவது குடும்ப மர இணையதளம் இது. ஒன்று இலவசம், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம். ஒன்றில் எல்லாம் இருந்தது, தமிழ் எழுத்து மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. இன்னொன்றில் போகிற வருகிறவரெல்லாம் கை வைக்கலாம்.

எல்லாம் சம்பந்தி வீட்டால் வந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு, ஐந்து தலைமுறையோடு அவர்கள் குடும்ப மரம் போனில் வந்து இறங்கியது. 'உங்களுடையதும் அனுப்புங்கள், இரண்டையும் சேர்த்துவிடலாம்' என்று ஒரு வரி வேறு.

அவரோ சம்பந்தியிடம், "எங்க அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை" என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தார்.

தம்பி ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். லாரி ஓட்டியவன். மழையில் ஒரு விபத்து, ஓர் உயிர் போனது. சிறைக்குப் போய்த் திரும்பி, இப்போது வேறு ஊரில் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

"இவ்வளவு தேடறதுக்கு, சம்பந்திகிட்ட உண்மையைச் சொல்லிட்டுப் போயிடலாம்," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"கல்யாணம் நின்னு போனா நீ பதில் சொல்லுவியா?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள். அவர் கடைசியாக இருந்த இணையதளத்தைத் திறந்து, அப்பாவின் பெயரையும் பிறந்த ஊரையும் அடித்தார்.

திரையில் வந்தது: 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு மரம் உள்ளது. பார்க்க அனுமதி கேட்கவா?'

கீழே, அதை உருவாக்கியவர் பெயர். தம்பியேதான்.

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. "பார்த்தியா! நாம மூடி மூடி வைக்கிறோம், இவன் தண்டோரா போடறான்!"

மனைவி எட்டி, தன் பெயரை அடித்து, அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அதற்குள் தம்பியின் எண்ணைத் தேடிப் பிடித்திருந்தார். பல வருஷமாக அழைக்காத எண்.

"அண்ணா!" தம்பியின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நல்லா இருக்கீங்களா? அண்ணி, பாப்பா எல்லாரும்..."

"வெட்கமா இல்லை உனக்கு? குடும்பத்து மானம் போனது பத்தாதா? மரம் போட்டு ஊருக்கே காட்டணுமா?"

"அண்ணா, நீங்க அதைத் திறந்து பார்த்தீங்களா?"

"திறந்து வேற பார்க்கணுமா? முதல்ல அதை அழி!"

"சரிண்ணா. அண்ணிக்கு இப்பதான் அனுமதி கொடுத்தேன். அவங்க பார்த்து முடிக்கட்டும், உடனே அழிச்சிடறேன்."

அவர் இணைப்பைத் துண்டித்தார்.

"என்னங்க, இங்கே வாங்க," என்றாள் மனைவி.

மரம் திறந்திருந்தது. அப்பாவின் பழைய படம். எங்கிருந்து தேடி எடுத்தானோ! அம்மா, அத்தைகள், மாமாக்கள், அவர்களின் பிள்ளைகள், ஒருத்தர் விடாமல். எழுத்துப் பிழை கூட இல்லை. கடை திறந்த அன்று பெயர்ப் பலகைக்குக் கீழே அவர் விறைப்பாக நிற்கிற படம். பெண்ணின் பிறந்த நாள். பக்கத்தில் மாப்பிள்ளைக்கென்று ஒரு காலிக் கட்டம்.

"இதெல்லாம் சரி. அவன் தன்னை எங்கே போட்டிருக்கான்? அதைக் காட்டு."

அவள் விரலால் மரத்தைப் பெரிதாக்கினாள். அப்பா, அம்மா பெயருக்குக் கீழே ஒரே ஒரு கோடு இறங்கியது. அதன் முடிவில் ஒரே ஒரு கட்டம். அதில் அவர்.

அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார். ஊருக்கெல்லாம் கண் சோதிக்கிறவருக்கு எழுத்து மங்கியது.

"நீங்க வாரம் பூரா தேடினீங்களே அந்த வசதி," என்றாள் மனைவி. "உங்க தம்பியே செஞ்சு வச்சிட்டார்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடி அழைத்தார்.

"இதோ அழிச்சிட்டே இருக்கேண்ணா," என்றான் தம்பி அவசரமாக. "ஒரே நிமிஷம்."

"அழிக்காதேடா..."

"ஏண்ணா?" தம்பி பயந்துபோய்க் கேட்டான். "இன்னும் யாரையாவது மறைக்கணுமா?"