பெயின்ட் அடித்த கூலிங் டவர்

மொட்டை மாடியில், ஏசிக்கான தண்ணீரைக் குளிரவைக்கும் கூலிங் டவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்குகிறது. சோதனைக்கு ஆள் வருகிறது என்றதும், மேனேஜர் நேற்று வெளிப்பக்கத்துக்கு மட்டும் நீலப் பெயின்ட் அடிக்க வைத்திருக்கிறார். இந்த ஏசித் தொட்டியிலிருந்து பறக்கும் சாரலை மூச்சில் இழுத்து, கட்டடத்தில் பதினொரு பேருக்கு நுரையீரல் காய்ச்சல். அவர்களில், வரவேற்பு மேசையில் இருந்த அக்கா இன்று விடியற்காலையில் இறந்துவிட்டாள். முகமூடி போட்ட பெண் சுகாதார ஆய்வாளர் தொட்டியின் மூடியைத் திறந்து கையுறைக் கையை உள்ளே விடுகிறார். சளி போலப் பச்சைப் பாசி முழங்கைவரை வழிந்து வெயிலில் மின்னுகிறது.

"கடைசியா எப்போ கழுவினீங்க?"

மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் ஏசி மெக்கானிக்கைப் பார்க்கிறார்.

"என்னை ஏன் சார் பார்க்குறீங்க? கழுவணும்னு நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். ஊதுற சங்கை ஊதியாச்சு."

"இறந்துபோன அந்தம்மாவுக்கு ஏற்கெனவே இருமல் இருந்துச்சு மேடம்," என்கிறார் மேனேஜர், குரலில் தேன் ஒழுக.

ஆய்வாளர் சுவிட்சைக் காட்டுகிறார். மெக்கானிக் அணைக்கிறார். பெரிய விசிறி முனகிச் சுற்றி நிற்கிறது. அதுவரை கேட்காத தெருச் சத்தம் மேலே ஏறி வருகிறது. மேனேஜரின் முகம் இப்போதுதான் முதன்முறையாக வாடுகிறது.

"ஐயையோ, நிறுத்திட்டா எப்படி மேடம்? மூணு மணிக்கு அந்தம்மாவுக்கு இரங்கல் கூட்டம் வச்சிருக்கோம். ஹால் புழுங்குமே!"