நீலமாகாத ரத்தம்

"நாளைக்கு உனக்கு ஆபரேஷன்மா. இன்னைக்குமா லேபு?" மகள் போனில் பொரிந்து தள்ளினாள்.

"இதோ கிளம்பிட்டேன்டி" என்று போனை வைத்த விஞ்ஞானியிடம், உதவியாளர் ஒரு கண்ணாடிக் குழாயை நீட்டினாள்.

"மேடம், இந்த ரத்தம் மட்டும் நீலமாகவே மாட்டேங்குது. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன்."

அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். மயக்க மருந்தை உடைக்கிற என்சைம் பரம்பரையாக, பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு என்று அவர் சொன்னபோது சிரிக்காதவர்கள் குறைவு. அப்படி ஒருவரைத் தேடியே இருபது வருடம் ஓடியிருந்தது.

"என்சைம் இருந்தா நீலமாகியிருக்கணும். இந்த ஆளுக்கு மயக்க ஊசி போட்டா மூச்சே நின்னுடும். யாரு இது? உடனே கூப்பிடு."

உதவியாளர் தயங்கினாள். "நோயாளிங்க ரத்தத்தோட ஒப்பிட, ஆரோக்கியமான ரத்தம் ஒண்ணு வேணும்னு காலையில எடுத்தோமே மேடம். அது."

அவர் தன் முழங்கையைப் பார்த்தார். காலையில் வைத்த பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

குழாயைப் பத்திரமாக வைத்துவிட்டு, போனை எடுத்தார்.

"ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொல்லுடி."

"ஏம்மா, பயமா இருக்கா?"

"அதில்லடி. இருபது வருஷமா தேடின ஆள் கிடைச்சாச்சு. நாளைக்கு நீயும் லேபுக்கு வந்துடு. அடுத்து உன் ரத்தம்தான் வேணும்."