ஆளில்லாத வீடு

மின் இணைப்பைத் துண்டிக்க வந்தவர் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நிற்கிறார். மீட்டர் உள்ளே, நடைச் சுவரில் இருக்கிறது. அதையும் தாண்டி அறைக்குள்ளிருந்து விடாமல் ஓர் இரைச்சல் வருகிறது. "என்னம்மா அது?" "ஆக்ஸிஜன் மிஷின். எங்க வீட்டுக்காரருக்கு நுரையீரல் போயிடுச்சு. அது ஓடினாத்தான் மூச்சு." நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கட்டண உதவி உண்டென்று மனுப் போட்டிருப்பதையும், பதில் இன்னும் வராததையும் அந்த வீட்டுப் பெண் சொல்கிறாள். பலரிடம் சொல்லித் தேய்ந்த பேச்சு அது. அழுகைகூட அதில் மிச்சமில்லை.

அவர் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "வெளியில பூட்டுப் போடுங்க. ஆளில்ல, உள்ள போக முடியலன்னு போட்டோ அனுப்பிடறேன். நாளைக்கு வேற ஆள் வருவாரு. அவருகிட்ட நான் சொல்ல முடியாதும்மா." அவள் கதவைச் சாத்திப் பூட்டுகிறாள். உச்சி வெயில் கதவின் தகரத்தில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழல் விழுது." தள்ளி நிற்கிறாள். பூட்டும் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். "எங்க போற?" என்கிறார் கணவர். மூச்சு வாங்க மறுபடியும், "என்னை விட்டுட்டு எங்க போற?" வந்தவர் போனை உயர்த்திக் கதவுக்கு நேரே பிடிக்கிறார். படத்தில் குரல் விழாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.