லேபிள் இல்லாத மிஷின்

வீட்டில் மகள் மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தாள். ஆக்சிஜன் மிஷின் தேடி அவள் அப்பன் நாலாவது கடைப் படியேறினான்.

“இதை எடுத்துக்கப்பா. உள்ளே பேர் பெற்ற கம்பெனி மோட்டார். மேலேயே லேபிள் ஒட்டியிருக்கு பாரு” என்றார் கடைக்காரர்.

“அந்த லேபிள் இல்லாதது ஒண்ணு கொடுங்கண்ணே.”

“அதை எவன் வாங்குவான்? நான் வைக்கிறதே இல்ல. காசு பத்தலையா?”

“காசு இருக்குண்ணே.”

“அப்புறம் என்னய்யா? புள்ளைக்கு மூச்சுத் திணறுதுங்கிற, இங்க நின்னு லேபிளோட மல்லுக்கட்டுற.”

அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“வேற எந்தக் கடையில கிடைக்கும்னாவது சொல்லுங்கண்ணே. உள்ளே எந்த ஓட்டை மோட்டாரை வச்சாலும், மேலே இந்த லேபிளை ஒட்டுறவன் நான்தான்.”