மூன்று நாள் லீவு

மிளகாய்த்தூள் மில்லில் மூட்டை சுமக்கும் கழுதைக்கு ஒரு வருஷமாக இருமல். ஒரு நாள் முதலாளி மரநாய் அதைக் கூப்பிட்டு, "மூணு நாள் லீவு எடுத்துக்கோப்பா" என்றது. கேட்காமலே லீவு கொடுக்கிற முதலாளியைக் கழுதை அதுவரை பார்த்ததில்லை. சந்தேகத்தோடுதான் வீட்டில் படுத்துக் கிடந்தது. இரண்டாம் நாளே இருமல் அடங்கிவிட்டது.

நான்காம் நாள் காலையில் மில் வாசலில், கழுதையின் இருமலைச் சோதிக்க வந்த டாக்டர் கொக்கு, மூச்சை அளக்கும் குழாயோடு நின்றது. உள்ளே கால் வைக்கும் முன்பே கழுதையை ஊதச் சொன்னது. குழாயிலிருந்த முள் சர்ரென்று மேலே ஏறியது.

"பாத்தீங்களா டாக்டர், நெஞ்சு இரும்பு மாதிரி இருக்கு. இருமல் எல்லாம் நடிப்பு. அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க" என்றது மரநாய்.

"வேலை முடிஞ்சு சாயங்காலமும் ஒரு தடவை ஊதுறேன் டாக்டர்" என்றது கழுதை.

"எதுக்கு? உள்ளே தூசியும் கிடையாது, நெடியும் கிடையாது. நீங்களே வந்து பாருங்க" என்று மரநாய் மில் கதவைத் திறந்தது. திறந்த கையோடு, பழக்கதோஷத்தில், வாலைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டது.

"சாயங்காலம் வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன்" என்று கழுதையிடம் சொன்ன கொக்கு, அந்த வாலைப் பார்த்தபடியே எழுத ஆரம்பித்தது.