முதல் வரிசை

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுபடி போட்டுக்கொண்டபோது, குதிரையை எடுக்கப் போன மகனின் கை மடிக்குத் திரும்பியிருந்தது.

நல்லது. அந்தக் குதிரை நகர்ந்திருந்தால் யானை போயிருக்கும்.

மாநிலச் சதுரங்கப் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். எதிரே இருந்த பெண்ணுக்குப் பதினாறு வயதிருக்கும். உட்கார்ந்ததிலிருந்து வெட்டினாள், வெட்டுக் கொடுத்தாள். ராணியையே கொடுத்துவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

மகன் அப்படி ஆடுகிறவன் அல்ல. பொறுப்பான். எல்லாக் கதவையும் அடைத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். தவறே செய்யாத ஆட்டக்காரன் என்று ஒரு நாளிதழ் எழுதியது. குடும்பத்துக்கே பொருந்தும் சொல் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் அந்தப் பெண்ணின் தாய்மாமன். பவானிக்காரர். காலையிலிருந்து கடலை மென்றுகொண்டிருந்தவர் இவர் பக்கம் சாய்ந்தார்.

“நீங்க கண்ணாடியக் கழட்டுனாத் தம்பி கைய எடுத்துக்குதுங்க. போட்டா வெக்குது. அப்பா மேல இப்படியொரு மரியாதைய இந்தக் காலத்துல எங்கீங்க பாக்கறது?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இன்னொரு நாளாக இருந்தால், இவர் எழுந்து நின்று என்ன சொன்னாய் என்று கேட்டிருப்பார்.

எழவில்லை.

மனம் பதறினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முப்பது வருடப் பழக்கம். கழற்றினால் மேடை வெறும் மங்கல். அந்த நேரத்தில் மகன் என்ன செய்கிறான் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தப் பெண் ஒரு சிப்பாயைத் தள்ளினாள். அவசரம். அவளுடைய ராஜாவுக்கு மறைப்பே இல்லை. யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கினால் ஆட்டம் முடிந்தது.

மகன் கண்டுகொண்டான். கடிகாரத்தில் அவனுக்கு இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. கை யானையை நோக்கிப் போனது. கண் பார்வையாளர்களின் முதல் வரிசைக்கு வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

வேண்டுமென்றே.

மங்கலிலும் அந்த வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. காற்றில் நின்றது.

மடிக்குத் திரும்பியது.



வீட்டுக் கூடத்தில் பதினோரு கோப்பைகள். பதினோரு முறையும் அவர் முதல் வரிசையில் இருந்தார்.

கண்ணாடியைத் திரும்பப் போட்டால் போதும். யானை இறங்கும். அது அவனே கண்ட நகர்த்தல். தடுத்தது இவர்தான். தடுத்ததை விலக்கினால் என்ன? கண்ணாடி போட்டுக்கொள்வது குற்றமா?

கை கன்னம்வரை உயர்ந்தது.

பக்கத்தில் கடலை மெல்லும் சத்தம் நின்றது.

கையைத் தொடைமேல் இறக்கினார். கண்ணாடியின் காம்பு உள்ளங்கையில் அழுந்தியது.

மேடையில் ஒரு வெண்மை இந்தப் பக்கமே திரும்பியிருந்தது. முகம் தெரியவில்லை. அது எதைக் கேட்கிறது என்று தெரிந்தது.

அவர் அசையவில்லை.

அதுவும் அசையவில்லை.

அரங்கில் யாரோ இருமினார்கள். மேசைமேல் ஒரு காய் வைக்கப்படும் சத்தமா, கடிகாரம் நின்ற சத்தமா, ஏதோ ஒன்று கேட்டது.

பிறகு கைதட்டல்.

எல்லோரும் எழுந்தார்கள். அவரும் எழுந்தார். கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

யாருக்கு என்று பார்க்காமல், கைதட்டினார்.